அப்பாவும் ஆம்னியும்

திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து நெய்யாறு அணை சுமார் 30 கிலோமீட்டர். பத்மநாபபுரம் அரண்மனை 55. பொன்முடி 60. கன்னியாகுமரி 90. மலையும் கடலும் அணையும் அருவியும் கோயிலும் இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த ஊர்க்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் இவற்றை விடுமுறைக்குப் போகும் இடமாக எண்ணியதே இல்லை. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்புகிற இடங்கள் அவை. நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற இடங்கள். விடுமுறை என்றால் ரயில் ஏற வேண்டும், ஓட்டலில் அறை போட வேண்டும், குறைந்தது ஒரு மாநிலமாவது தாண்ட வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மா போய், அப்பாவுக்குப் பார்க்கின்சன் முற்றி, நான் வேலையை வீட்டிலிருந்தே செய்வதாகச் சொல்லி ஊர் திரும்பியபோதுதான் இந்த 90 கிலோமீட்டர் வட்டம் எனக்கு மொத்த உலகமாயிற்று.

மறைக்காமல் சொல்கிறேன்: அந்த நாட்களில் எனக்கு அப்பா மேல் கோபம் இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் லடாக்கிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் படம் அனுப்புவார்கள். நான் அடுக்களையில் நின்று மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருப்பேன். அவர் கேட்டு வந்த நோயில்லை, யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வரவுமில்லை. தெரியும். தெரிந்தும் கோபம் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் பலருக்கும் இது இருக்கும் என்று நினைக்கிறேன். வெளியே சொல்வதற்குத்தான் இடமில்லை.

பார்க்கின்சன் நோயாளியின் ஒரு நாள் முழு நாளாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். லெவோடோபா மாத்திரை போட்டு அது ஏறியிருக்கும் நேரத்தில் அப்பா தானே எழுந்து நடப்பார், பேப்பர் படிப்பார், என்னோடு வாக்குவாதம் செய்வார். மருந்து இறங்கத் தொடங்கினால் உடம்பு மரமாகிவிடும். அப்போது படுக்க வேண்டும். அடுத்த வேளை மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சாப்பாடு, அதிலும் பருப்பும் பாலும், உள்ளே போய்விட்டால் மருந்து சரியாக ஏறாது. இன்னொன்று, வாசற்படி. வெட்டவெளியில் நடந்து வருகிறவர் நிலைப்படிக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுவார். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு "இதத் தாண்டுங்கப்பா" என்றால் கால் எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரிகிற கோடு ஒன்று இருந்தால் மூளை வேறு வழியாகக் காலுக்குச் சொல்லி அனுப்புமாம். பிசியோதெரபி செய்ய வருகிற பெண் சொல்லிக்கொடுத்த வித்தை. எங்கள் வீட்டில் எல்லா வாசலிலும் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு எங்கே போக? ஓர் ஓட்டலில் தங்கிப் பார்த்தோம். கட்டில் முழங்காலுக்குக் கீழே இருந்தது, குளியலறைத் தரை வழுக்கியது, லிப்டுக்கு முன்னால் ஆறு படி. அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா வெளியூர்ப் பேச்சையே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகச் சுருங்கிப்போனார்.

படுக்கையையும் கூடவே கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஆம்னி வந்தது சாலைக் கம்போளத்திலிருந்து. அப்பா நெடுங்காலம் கணக்கெழுதிய கடைத்தெரு அது. அங்கே பப்படம் மொத்த வியாபாரம் செய்பவர் தன் 1998 மாடல் மாருதி ஆம்னியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னார். விலை, ஒரு நல்ல பிரிட்ஜ் வாங்குகிற காசு. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கே கியர், 12 அங்குலச் சக்கரம். காலையில் சோக்கை இழுத்து, அரை நிமிஷம் உறும விட்டுத்தான் எடுக்க வேண்டும். மாருதி 800இன் அதே எஞ்சின் என்பதால் சாமான் கிடைக்காத ஊர் இல்லை. வேலை தெரியாத மெக்கானிக்கும் இல்லை.

இந்த வண்டியின் குடும்ப வழியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்கக் காதலிக்கப்படுகிற வண்டி வீடு ஃபோக்ஸ்வாகன் டைப் 2. 1947இல் பென் போன் என்ற டச்சு வியாபாரி நோட்டுப் புத்தகத்தில் போட்ட ஒரு கோட்டுப்படத்திலிருந்து பிறந்தது. ஒரு பெட்டி, அதன் முன்முனையில் டிரைவர், அவ்வளவுதான். 1950இல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் வைக்க ஒரு மரச்சாமான் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தச் சாமான்களைக் கழற்றிவிடலாம் என்பது. கிழமை நாட்களில் வண்டி சரக்கு ஏற்றும்; ஞாயிற்றுக்கிழமை அலமாரியையும் படுக்கையையும் உள்ளே தூக்கி வைத்தால் குடும்பம் காட்டுக்குப் போய்த் தங்கும். போரில் நொறுங்கிப்போன ஒரு நாட்டில், ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்றிருந்தவர்களுக்காகப் பிறந்த யோசனை. இன்று அந்தப் பழைய வண்டிகள் கோடீஸ்வரர்களின் ஷெட்டில் நிற்கின்றன என்றாலும், பிறந்த கதை சிறு கடைக்காரனுடையது.

நம் ஊரில் அந்த இடம் ஆம்னியுடையது என்பேன். 1984இல் மாருதி வேன் என்று வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை ஓடியது. பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி, பந்தல்காரன் வண்டி, கல்யாண வண்டி எல்லாம் அதுவே. கேரளத்தில் ஆம்புலன்சும் அதுவே.

அங்கேதான் சிக்கல் வந்தது. வண்டியைத் தெருவில் கொண்டு வந்து நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து காட்டினேன். அப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மக்ளே, இதுல என்னை ஏத்தாத, கேட்டியா. இது ஆம்புலன்சுல்லா."

வெள்ளை வண்டி. உள்ளே கால் நீட்டிப் படுக்கும் அளவு இடம். அம்மா கடைசியாக வீட்டை விட்டுப் போனதும் இப்படி ஒன்றில்தான். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. வண்டியைக் கொண்டுபோய் ஆகாய நீலத்தில் பெயிண்ட் அடிக்க விட்டேன். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதையும் செய்தேன். ஜன்னல்களுக்குக் கரை போட்ட பழைய வேட்டியைக் கிழித்துத் திரை தைத்தேன். அம்மா நட்டு வளர்த்த முற்றத்துப் பிச்சியிலிருந்து ஒரு சரம் கட்டி முன்னால் தொங்கவிட்டேன். மருந்து நன்றாக ஏறியிருந்த ஒரு காலை வேளையில், யாரும் கூப்பிடாமலே, அவராக வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, "எஞ்சினப் போடு" என்றார்.

படுக்கை விஷயத்தில் சட்டம்தான் எனக்கு வழி காட்டியது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. எனவே சீட்டைப் பிடுங்கவில்லை, தகரத்தில் ஓட்டை போடவில்லை. எங்கள் ஆசாரி மூன்று மடிப்பாக ஒரு பிளைவுட் பலகை செய்து கொடுத்தார். பின் சீட்டை முன்னால் மடக்கி, பலகையை விரித்து, மடக்குக் கால்களை ஊன்றினால் கட்டில். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. அப்பா உயரம் குறைவு, காலை நீட்டினால் அளவெடுத்ததுபோல் இருக்கும். வேலை முடிந்தால் பலகையை மடித்து வீட்டுத் திண்ணையில் சாத்திவிடலாம். வெஸ்ட்ஃபாலியாக்காரர்கள் 1951இல் செய்ததும் இதுதானே. வண்டி ஓடும்போது யாரும் அதில் படுப்பதில்லை. அப்பா முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காருவார். நிறுத்திய பிறகுதான் கட்டில்.

ஏறும் முறையைச் சொன்னால் யாருக்காவது உதவும். வண்டியின் தளம் தாழ்வு, அதுவே பெரிய அனுகூலம். கதவுக்கு முன்னால் அகலமான முக்காலி, அதன் விளிம்பில் மஞ்சள் டேப். வண்டிக்கு முதுகு காட்டி நின்று, முக்காலியில் ஏறி, அப்படியே மெத்தை விளிம்பில் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து நான் உள்ளே திருப்பிவிடுவேன். குனிந்து தலையை முதலில் நுழைக்கப் பார்த்தால் உறைந்து நின்றுவிடுவார். முன் சீட்டுக்குக் கீழேதான் எஞ்சின் என்பதால் சீட் சுடும். அதற்கு மடித்த ஜமுக்காளம். எஞ்சினில் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்க வேண்டும், அதாவது அப்பாவை இறக்க வேண்டும். ஆகவே எண்ணெய், தண்ணீர் எல்லாம் புறப்படும் முன்பே பார்த்துவிடுவேன். கொசுவலைத் துண்டுகளின் ஓரத்தில் காந்தம் தைத்திருக்கிறேன். தகர உடம்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சார்ஜ் போட்ட சின்ன பேன் ஒன்று. நிழலில் நிறுத்தாவிட்டால் உள்ளே அடுப்புதான், அதற்காகத் தென்னைக்குக் கீழே மட்டும் நிறுத்தக் கூடாது. மாவும் அயனியும் நல்லவை.

முதலில் வெள்ளாயணிக் காயல் வரை மட்டும் போனோம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தண்ணீரோரம் நிறுத்திக் கதவைத் தள்ளியதும் தாமரை இலைகளும் நீர்க்காகங்களும். அப்பா உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து இறங்கியது, படுத்தார். மாத்திரை கொடுத்தேன், அரை மணி நேரம் கழித்துத் தயிர்சாதம். வீட்டில் நடப்பது எதுவோ அதுவே நடந்தது. அறைக்குள் நடந்தால் நோயாளியின் அட்டவணை. அங்கே நடந்தபோது அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. அவர் படுத்திருந்த நேரத்தில் நான் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயவைப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அதைப் பார்த்திருக்கவில்லை.

பிறகு தூரம் கூடியது. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் கட்டியது. பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களின்மேல் கால்வாய்த் தண்ணீர் நடந்து போகிறது. மேலே நடக்க அப்பாவால் முடியாது. அடியில் ஆற்றோரம் நிறுத்தி, தூண்களை அண்ணாந்து பார்க்கும்படி தலையணையைத் திருப்பி வைத்தேன். சுற்றுலா வருகிற எல்லோரும் மேலே நின்று கீழே பார்க்கிறார்கள். பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழேதான் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அது உண்மை.

ராத்திரி தங்கியது பூதப்பாண்டியில். அப்பா பிறந்த ஊர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊரும் அதுவே. 1944இல் அப்பா பிறந்தபோது அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் மதராஸ் மாநிலம். அவர் வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தபோது அது வேறு மாநிலத்துக்கு வருவதாக ஆகியிருந்தது. வீடு விற்றுப்போய் ரொம்ப காலம் ஆகிறது. சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் மாடியில் அறை, இந்தியன் கக்கூஸ், அவர்களுக்கும் சங்கடம். அதனால்தான் அவர் அங்கே போவதையே விட்டிருந்தார். இந்த முறை தெருவில் தெரிந்தவர் வீட்டு வாசலில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்தினோம். சாப்பாடு அவர்கள் வீட்டில். தூக்கம் எங்கள் வண்டியில். நான் முன் சீட்டைச் சாய்த்து, காலை டேஷ்போர்டில் வைத்து, அரைத் தூக்கம்தான். பழையாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. விடியற்காலை ஆறு மணி மாத்திரைக்குப் பிறகு கதவைத் திறந்தேன், தாடகை மலை நேரே நின்றது. அப்பா அந்த மலையில் எந்த மடிப்பில் எந்தப் பாதை, யார் வயல் எதுவரை, எந்த வாய்க்காலில் அவரும் அவர் தம்பியும் முங்கிக் கிடந்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். தெருவில் போன கிழவர் ஒருவர் நின்று, பேச்சைக் கேட்டு, "நீ கணக்கன் மவன்லா?" என்றார். ஆம்னியின் கதவு ஒரு திண்ணைபோல் ஆகிவிட்டது. ஆட்கள் வந்தார்கள், விளிம்பில் உட்கார்ந்தார்கள், யாரோ மட்டிப்பழச் சீப்பு கொண்டு வந்தார்கள். அப்பாவின் குரல் நோயால் தேய்ந்து போயிருந்தது. அன்று நான் அடுத்த தெரு முனையில் நின்றபோதும் எனக்குக் கேட்டது.

என் கோபம் எங்கே போனது என்று அந்த நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. அப்படி ஒரே நாளில் போகவுமில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது ஒன்று விளங்கியது. நான் அப்பாவின் நோயோடு கட்டப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நாங்கள் இரண்டு பேருமே ஒரு கட்டிலோடு கட்டப்பட்டிருந்தோம். கட்டில் நகர்ந்ததும் நாங்களும் நகர்ந்தோம்.

பழைய வண்டி என்பதில் எனக்கு மயக்கம் உண்டு, ஆனால் கண்ணை மூடிய மயக்கம் அல்ல. ஆம்னியில் டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு மட்டும்தான். நேருக்கு நேர் மோதினால் வண்டி எதையும் வாங்கிக்கொள்ளாது, நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு விதிகள் இறுகியபோது 2019இல் அதை நிறுத்தியது சரியே. பிரேசிலில் ஃபோக்ஸ்வாகன் கொம்பி 2013 கடைசிவரை ஓடி நின்றதற்கும் காரணம் இதுவே. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாகிவிட்டன. ஆகவே நான் 45க்கு மேல் போவதில்லை. பெருமழையில் எடுப்பதில்லை, இருட்டிய பிறகு நான்குவழிச் சாலையில் ஏறுவதில்லை. பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பாவை வைத்துக்கொண்டு இன்னும் துணியவில்லை. இந்த வண்டியால் தூரம் போக முடியாது. பக்கத்தில் மட்டுமே போக முடிகிற வண்டி என்பதால்தான் பக்கத்தில் இருப்பதெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது. வேறு வண்டியாக இருந்தால் மாத்தூரைத் தாண்டி எங்கோ பறந்திருப்பேன்.

கேரள அரசு 2021இல் காரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தது. அடுத்த வருடம் வாகமணில் முதல் காரவன் பூங்கா வந்தது. குளிர்சாதனம், சமையலறை, ஷவர் எல்லாம் உள்ள பெரிய வண்டிகள். வெளியூர்க்காரர்கள் வரட்டும், நல்லதுதான். அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றியது, 2020இல் மூணாறு டிப்போவில் கே.எஸ்.ஆர்.டி.சி. பழைய பஸ்களைப் படுக்கை அறைகளாக மாற்றி ஆளுக்கு 100 ரூபாய்க்குக் கொடுத்தது. உள்ளூர்க்காரன் கையிலிருக்கும் காசுக்கு ஒரு ராத்திரி. அதேபோல் 2021 முதல் சாலையோரங்களில் வந்த 'டேக் எ பிரேக்' கழிப்பிடங்கள். வண்டி வீட்டில் போகிற பெண்ணுக்குக் கழிப்பிடம் எங்கே என்பதுதான் வரைபடத்தின் முதல் புள்ளி. அப்பாவுக்கு மூத்திரக் கேன் உண்டு, திரையை இழுத்தால் போதும். எனக்கு அது போதாது. சுத்தமாக, சாய்தளத்தோடு, கைப்பிடி வைத்த ஒரு கழிப்பிடமும் பக்கத்தில் ஒரு மரமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தால், வீட்டில் அடைந்து கிடக்கும் எத்தனையோ கிழவர்களும் கிழவிகளும் வெளியே வருவார்கள். காரவன் பூங்காவுக்கு ஆகும் செலவில் இதைப் பல இடங்களில் செய்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பழைய வண்டியை வைத்திருக்கச் செலவு உண்டு. 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் கட்டினோம். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. கிரீன் டாக்ஸ் தனி. 2023இல் எல்லாம் கட்டி, தகரத் துருவைச் சுரண்டிப் பூசி, 2028 வரை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து வண்டி கேட்டு ஆள் வருகிறது. முழங்கால் போய், வருடக்கணக்காக மகாதேவர் கோயிலுக்கு அப்பால் போகாத ஒரு மாமி இருக்கிறார். போன வாரம் அவருடைய மகன் வந்து திண்ணையில் சாத்தியிருந்த பலகையைத் தடவிப் பார்த்தபடி நின்றார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வண்டி கிடைக்குமா? அம்மாவ சுசீந்திரம் கூட்டிண்டு போலாம்னு."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாங்க முட்டம் போறோம், மக்ளே. சனிக்கிழமை கொண்டு போ. அந்த முக்காலியையும் மறக்காம எடுத்துக்கோ. ஏறச்சில முதுகக் காட்டித்தான் ஏறணும்னு அம்மாட்ட சொல்லு."